காலை சுகர்: பத்து கூடினால் பதற வேண்டாம்

நேற்றுக் காலை வெறும் வயிற்றில் 118. இன்று 131. “ராத்திரி ரெண்டு இட்லிதானம்மா தின்னேன், அதுக்கா இவ்வளவு ஏறிப்போச்சு?” என்று அத்தை கேட்பார். கூடியது பதின்மூன்றுதான். ஆனால் அந்தப் பதின்மூன்று அவருடைய அன்றைய பொழுதையே கெடுத்துவிடும். மதிய சோறு பாதியாகும், இரவு “எனக்குப் பசிக்கல” என்று படுத்துவிடுவார். மாமியார், மருமகள் இருவருக்குமே சுகர் இருக்கும் வீடு எங்களுடையது. மீட்டர் ஒன்று, குத்தும் ஊசியும் பேனாவும் ஆளுக்குத் தனித்தனி. பல வருடமாக இரண்டு பேருடைய எண்களையும் பார்த்துப் பார்த்து, டாக்டரிடம் கேட்டுக் கேட்டு, எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: ஒரு நாள் எண்ணில் பத்து பதினைந்து கூடுவதும் குறைவதும் செய்தியே இல்லை. பல நாள் எண்கள் சேர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தால்தான் செய்தி.

முதலில் மீட்டரையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் வைத்துப் பார்க்கும் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு தரவிதி உண்டு. 2013-இல் திருத்தப்பட்ட அந்த விதிப்படி, 100-க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முறை லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்பில் உண்மையாக இருப்பது 125 என்றால், மீட்டர் 107 காட்டினாலும் 143 காட்டினாலும் அது விதிக்குள்தான். நல்ல கருவிகள் பெரும்பாலும் இதைவிட நெருக்கமாகவே காட்டும். என்றாலும் 118-ம் 131-ம் ஒரே ரத்தத்தின் இரண்டு எண்களாக இருக்கலாம். அத்தைக்கு இதை விளக்கியபோது, ஒரே நேரத்தில் இரண்டு விரல்களில் குத்திக் காட்டினேன். இரண்டு எண்கள் வந்தன. அதற்குப் பிறகுதான் நம்பினார்.

அடுத்தது கை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சப்போட்டா உரித்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒருநாள் வேண்டுமென்றே குத்திப் பார்த்தேன். 190-ஐத் தாண்டிக் காட்டியது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் பார்த்தால் 122. மீட்டர் கேட்பது ஒரு துளியிலும் துளி ரத்தம். அதில் கண்ணுக்குத் தெரியாத பழச்சாறு கலந்தாலே எண் எகிறிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிருமிக்கு அது சரி, ஒட்டியிருக்கும் சர்க்கரை அதில் முழுதாகப் போகாது. தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கழுவிய ஈரமும் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் நீர்த்து எண் குறையும். ரத்தம் வரவில்லை என்று விரலை அழுத்திப் பிழியவும் கூடாது. கையை வெந்நீரில் கழுவி, கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் தானாக வரும், வலியும் குறைவு.

ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், ஃபிரிட்ஜிலும் அடுப்பு மேடையிலும் வைக்காதீர்கள், தேதி முடிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். அவ்வளவுதான்.

“சாப்பிடாமல் படுத்தேன், காலையில் கூடியிருக்கிறது, எப்படி?” பெரும்பாலானவர்கள் குழம்பும் கேள்வி இது. நாம் தூங்கினாலும் கல்லீரல் தூங்குவதில்லை. மூளைக்கு இரவெல்லாம் சர்க்கரை வேண்டும், அதைக் கல்லீரல்தான் தன் இருப்பிலிருந்து விட்டுக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை சேர்ந்து நம்மை எழுப்புவதற்கு உடம்பைத் தயார் செய்கின்றன. அப்போது கல்லீரல் இன்னும் கொஞ்சம் தாராளமாக விடும். சுகர் இல்லாதவர்களுக்கு அதற்கேற்ப இன்சுலினும் சுரந்து சமன் செய்துவிடுகிறது. நமக்கு அந்தச் சமன் முழுதாக நடப்பதில்லை. அதனால் விடியற்காலையில் ஏறுகிறது. எழுந்தவுடன் ஐந்தரைக்குப் பார்ப்பதும், வாசல் தெளித்துக் கோலம் போட்டு ஏழு மணிக்குப் பார்ப்பதும் ஒன்றல்ல. இடையில் ஒரு வாய் காபி குடிக்காவிட்டாலும் எண் கூடியிருக்கலாம். ஆகவே ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, தினமும் அதே நேரத்தில் பாருங்கள். கடைசியாகச் சாப்பிட்டு எட்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குள் பார்த்தால் அதை வெறும் வயிற்று எண்ணாக எடுத்துக்கொள்ள முடியாது.

பிறகு, முந்தைய இரவு. சீரியல் முடிந்து ஒன்பதரைக்குச் சாப்பிட்டதும் ஏழரைக்குச் சாப்பிட்டதும் காலையில் வேறு வேறாகத் தெரியும். புரோட்டாவும் சால்னாவும் எண்ணெய்ப் பண்டம். கொழுப்பு செரிமானத்தை மெதுவாக்குவதால் நடு இரவு தாண்டியும் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கும். மின்சாரம் போய்க் கொசுக்கடியில் தூங்காமல் கிடந்த இரவுக்கு அடுத்த நாள் எனக்கு எப்போதும் கூடுதல்தான். காய்ச்சல், சளி, பல்வலி, மனக்கவலை எல்லாமே ஏற்றும். அத்தைக்கு மூட்டுவலிக்காக முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்ட வாரத்தில் எண்கள் எங்கோ போயின. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. சில நாளில் பழையபடி இறங்கிவிட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பத்து பதினைந்து கூடியதைப் பார்த்து நாம் செய்யும் வைத்தியம்தான் ஆபத்து. அத்தை சாப்பிடுவது கிளிமிபிரைடு மாத்திரை. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதைப் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டால், நள்ளிரவில் சுகர் இறங்கிவிடலாம். தூக்கத்தில் உடம்பு வேர்த்துக் கொட்டுவது, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை அதன் அடையாளங்கள். சந்தேகம் இருந்தால் ஓரிரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து அரை மாத்திரை கூட்டுவதும், மறுநாள் குறைந்தது என்று நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டில் கொடுக்கும் மாத்திரையைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு நோட்டில் எண்ணோடு நேரம், முந்தைய இரவு என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, தூக்கம் எப்படி, காய்ச்சல் அல்லது புது மருந்து ஏதாவது உண்டா என்று எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து எண்களைக் கூட்டி வகுத்துக்கொள்வேன். போன வாரச் சராசரி 124, இந்த வாரம் 127 என்றால் எதையும் மாற்றுவதில்லை. 124, 133, 141 என்று வாரா வாரம் ஏறினால்தான் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குவேன். சுகர் உள்ள பெரும்பாலானவர்களுக்குக் காலையில் 80 முதல் 130 வரை என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கு டாக்டர் இதைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதுண்டு, அத்தைக்கும் அப்படித்தான்.

லேபில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று வந்தாலும் உடனே மீட்டரைக் குறை சொல்ல வேண்டாம். குழாயில் எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் அங்கேயும் சர்க்கரையைத் தின்றுகொண்டுதான் இருக்கும். நேரத்தோடு பிரிக்காமல் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையலாம். ஒப்பிட வேண்டுமானால், லேபில் ரத்தம் எடுக்கும் அதே நேரத்தில் உங்கள் மீட்டரிலும் பாருங்கள். ரத்தசோகை இருப்பவர்களுக்கு மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். இரும்புச்சத்துக் குறைவு மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையையும் கூட்டிக் காட்டக்கூடும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், நம் வீட்டுப் பெண்கள் முக்கியமாக. சுகர் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யவும் வீட்டு மீட்டர் போதாது. 100 முதல் 125 வரை முன்நிலை, 126-ம் அதற்கு மேலும் சுகர் என்று சொல்வதெல்லாம் லேபில் எடுத்த ரத்தத்துக்குத்தான். அதையும் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்வார்கள்.

காத்திருக்கக் கூடாத எண்களும் உண்டு. 70-க்குக் கீழே வந்தால் சராசரிக் கணக்கெல்லாம் பிறகு. மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் மறுபடியும் அதே அளவு. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 250-க்கு மேல் இருந்து வாந்தியோ காய்ச்சலோ மூச்சு வாங்கலோ சேர்ந்தால் நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் பார்ப்போம் என்று இருக்காமல், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.