கணக்கு சரி, கடன் பொய்

2016 முதல் 2019 வரை ஆஸ்திரேலியாவில் வேலை தேடிக்கொண்டிருந்தவர்களும் உதவித்தொகையில் படித்த மாணவர்களும் தபால்காரரைக் கண்டு பயந்தார்கள். "சில வருடங்களுக்கு முன் உங்களுக்குக் கொடுத்த உதவித்தொகை கூடுதலாகிவிட்டது, திருப்பிக் கட்டுங்கள்" என்று முடியும் ஒரு கடிதப் போக்குவரத்து அப்போது நடந்துகொண்டிருந்தது. அனுப்பியது சென்டர்லிங்க். வேலையில்லாதோர், மாணவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என எல்லோருக்கும் அரசுப் பணத்தைப் பட்டுவாடா செய்யும் அலுவலகம் அது. அந்த வசூல் திட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர்தான் ரோபோடெட். சுமார் 4,33,000 பேர் தலையில் 176 கோடி ஆஸ்திரேலிய டாலர் பாக்கி எழுதப்பட்டது. அதில் சுமார் 75 கோடி டாலர் வசூலும் ஆகிவிட்டது. பிறகுதான் அந்தக் கடன்கள் சட்டப்படி செல்லாது என்று ஆனது.

நடந்தது ஆஸ்திரேலியாவில் என்றாலும், குடிமக்களின் விவரங்களைக் கணினியில் சேர்த்து வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும் பொருந்தும் கதை இது. இதைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சில எண்ணங்களைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வரித்துறையிடம் இருந்த விவரம் தவறு, அதனால் வந்த குழப்பம்.

இல்லை. விவரம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது, வினை அங்கேதான் தொடங்கியது.

ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் வேலை பார்த்தவர் அந்த ஆண்டில் மொத்தம் எவ்வளவு சம்பாதித்தார் என்று வரித்துறைக்குத் தெரிவித்தார். ஆண்டு வரி கணக்கிட அது போதும். சென்டர்லிங்க் கணக்கு வேறு மாதிரி. அங்கே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கணக்கு. அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்று அப்போது சொல்ல வேண்டியிருந்தது. அதைப் பொறுத்து அந்த இரண்டு வாரத்துக்கான தொகை கூடும், குறையும், நின்றும் போகும். போன மாதச் சம்பளத்துக்கும் இந்த மாத உதவித்தொகைக்கும் சம்பந்தமில்லை.

திட்டம் செய்தது இதுதான்: ஆண்டு மொத்தத்தை எடுத்து 26-ஆல் வகுத்தது. ஆண்டுக்கு 26 இருவாரங்கள் இருக்கின்றன அல்லவா? ஒவ்வொன்றிலும் அந்த ஆள் ஒரே அளவு சம்பாதித்ததாக வைத்துக்கொண்டது.

ஒரு பெண் ஆண்டின் முதல் 13 இருவாரங்கள் வேலை பார்க்கிறார், ஒவ்வொன்றிலும் 1,000 டாலர். ஆக 13,000. பிறகு வேலை போகிறது. மீதி 13 இருவாரங்கள் உதவித்தொகை வாங்குகிறார். வருமானம் பூஜ்யம் என்று உண்மையாகவே எழுதித் தருகிறார். பின்னாளில் கணினி 13,000-ஐ 26-ஆல் வகுக்கிறது. இருவாரத்துக்கு 500 டாலர் வருகிறது. "உதவித்தொகை வாங்கிய காலத்திலும் உனக்கு 500 டாலர் வந்திருக்கிறது, மறைத்துவிட்டாய்" என்று சொல்லிவிடுகிறது. வரித்துறையின் 13,000 சரி. அந்தப் பெண் எழுதிக்கொடுத்த பூஜ்யமும் சரி. வகுத்தலில்கூடப் பிழையில்லை. இரண்டு சரியான பதிவேடுகளை ஒன்றோடொன்று மோதவிட்டு மூன்றாவதாக ஒரு பொய்யைப் பிறப்பித்துவிட்டார்கள்.

ஒரு பதிவேடு எந்தக் கேள்விக்காக எழுதப்பட்டதோ அதற்குத்தான் பதில் சொல்லும். "ஆண்டில் எவ்வளவு?" என்ற கேள்விக்கு எழுதப்பட்டதிடம் போய் "அந்த வாரத்தில் எவ்வளவு?" என்று கேட்டால், அது விழிக்க வேண்டும். கணினிக்கு விழிக்கத் தெரியாது. கேட்டதற்கு ஒரு எண்ணைத் தந்துவிடும்.

நம்பிக்கை: எந்திரம் செய்த கோளாறு, மனிதர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

'ரோபோ' என்று தொடங்கும் பெயர் செய்த உபகாரம் இது. செயற்கை நுண்ணறிவு ஏதோ தறிகெட்டு ஓடிவிட்டது போல ஒரு தோற்றம். உள்ளே இருந்தது நாலாம் வகுப்பு வகுத்தல் கணக்கு.

வரித்துறை விவரத்தையும் உதவித்தொகை விவரத்தையும் ஒப்பிடுவது அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்து வந்ததுதான். அப்போது வேறுபாடு தெரிந்தால் அது ஒரு துப்பு, அவ்வளவே. ஓர் அலுவலர் அந்தக் கோப்பை எடுப்பார், சம்பந்தப்பட்டவரிடம் பேசுவார், தேவைப்பட்டால் முதலாளியிடம் சம்பள விவரம் கேட்பார். சராசரிக் கணக்கையும் எப்போதாவது கையாண்டிருக்கிறார்கள். இந்த முறையில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேரைத்தான் விசாரிக்க முடிந்தது. புதிய திட்டத்தில் அலுவலரை எடுத்துவிட்டார்கள். உச்சத்தில் வாரத்துக்கு 20,000 கடிதங்கள் போயின.

அலுவலரை எடுத்தது மனிதர்கள் எடுத்த முடிவு. அதுவும் தெரியாமல் எடுத்ததல்ல. ஆண்டு வருமானத்தைச் சராசரியாக்கிக் கடன் நிர்ணயிப்பது சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்தாது என்று, உதவித்தொகைக் கொள்கை வகுக்கும் துறையின் சொந்த வழக்கறிஞர்களே 2014-இல் எழுத்தில் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் திட்டம் அறிவிக்கப்பட்டது.

நம்பிக்கை: சம்பளச் சீட்டைக் காட்ட முடியாதவர் பாக்கிதாரர்தான், இல்லையென்றால் ஏன் காட்டவில்லை?

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் மோசமான எண்ணமாகப் படுகிறது. நல்ல மனிதர்கள்கூட இதைச் சொல்கிறார்கள்.

கடன் கொடுத்தவர் யாரோ, அவர்தான் கடனை நிரூபிக்க வேண்டும். வட்டிக்கடைக்காரருக்கும் அதுதான் சட்டம், அரசுக்கும் அதுதான். ரோபோடெட் அதைத் தலைகீழாக்கியது. கணினி ஒரு வேறுபாட்டைக் காட்டும், கடிதம் போகும், இணையதளத்தில் நுழைந்து உங்கள் வருமானத்தைச் சரிபார்க்கச் சொல்லும். ஆண்டு மொத்தம் 13,000 என்று திரையில் தெரியும். ஆமாம், அவ்வளவுதான் சம்பாதித்தேன் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டால் போதும், 26-ஆல் வகுத்து மாட்டிவிடும். பதிலே போடாவிட்டாலும் அதே வகுத்தல்தான். பதில் போடாத பலருக்கு அதற்குமேல் 10 சதவீதம் அபராதமும் சேர்ந்தது. ஆரம்பக் கடிதங்களில் இந்த விஷயத்தைக் கவனிக்கும் பிரிவின் தொலைபேசி எண்ணே இல்லை என்று அரசு அலுவலகங்கள்மீதான புகார்களை விசாரிக்கும் அந்நாட்டின் ஆம்புட்ஸ்மன் 2017 ஏப்ரல் அறிக்கையில் குறித்திருக்கிறார்.

தப்பிக்க வழி, அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவருவது. கேட்கப்பட்டதோ 2010-11 வரைக்கும் பின்னோக்கிப் போன ஆண்டுகளுக்கு. ஓட்டலில் பாத்திரம் கழுவியவர், கடையில் வார இறுதிகளில் நின்றவர், மூடிப்போன நிறுவனத்தில் பழம் பறித்தவர் எங்கே போவார்? அவர் வீடு மாறியிருப்பார், முதலாளி தொழிலையே விட்டிருப்பார்.

முதலாளியிடமோ வங்கியிடமோ விவரம் கேட்டு வாங்கும் அதிகாரம் சென்டர்லிங்கை நடத்திய துறைக்குச் சட்டப்படியே இருந்தது. அது இல்லாத ஏழையிடம் ஆதாரம் கேட்டார்கள். அதிகாரம் உள்ளவர்கள் கேட்காமல் இருந்துவிட்டார்கள். கேட்டால் செலவு, செலவு செய்தால் திட்டத்தின் லாபம் போய்விடும்.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. மெல்போர்ன் பெண் ஒருவர்மேல், 2012-இல் படிப்புக்காக வாங்கிய உதவித்தொகையில் 2,754 டாலர் பாக்கி என்று எழுதியிருந்தார்கள். கடிதங்கள் பழைய முகவரிக்குப் போயின. தனக்கு வரவேண்டிய வரி ரீஃபண்ட் 1,700 டாலருக்கு மேல் முழுதாகப் பிடித்துக்கொள்ளப்பட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. விக்டோரியா மாநிலத்தின் சட்ட உதவி அமைப்பு அவருக்காக வழக்குப் போட்டது. வழக்கு வந்த பிறகு துறை தானே சம்பள விவரங்களைத் திரட்டிக் கணக்கை மறுபடி போட்டது. பாக்கி 1 டாலர் 48 சென்ட்.

2019 நவம்பர் 27-இல் ஃபெடரல் கோர்ட் அந்தக் கடன் நிர்ணயம் செல்லாது என்று அறிவித்தது. அரசும் அதை எதிர்க்கவில்லை. சம்மத உத்தரவாகவே வந்தது.

நம்பிக்கை: அப்படியானால் முதலிலேயே யாராவது கேள்வி கேட்டிருப்பார்களே?

கேட்டார்கள். சிட்னி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியரும் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் அப்போதைய உறுப்பினருமான டெர்ரி கார்னி, 2017 மார்ச்சிலேயே சராசரியை வைத்துக் கடனை நிலைநாட்ட முடியாது என்று தீர்ப்பெழுதினார். அதற்குப் பிறகும் அப்படியே சில தீர்ப்புகள் தந்தார். துறை மேல்முறையீடு செய்யவில்லை. செய்தால் விஷயம் பகிரங்கமாகும். அந்த ஆளின் கடனை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டே கார்னிக்குப் பதவி நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பாயத்தின் முதல் அடுக்கு விசாரணைகள் தனிப்பட்டவையாக இருந்தன, தீர்ப்புகள் வெளியாகவில்லை. உதவித்தொகை வாங்குபவரின் சொந்த விவரம் ஊருக்குத் தெரியக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் வைத்த ஏற்பாடு அது. விளைவு என்னவென்றால், ஒருவர் ஜெயித்தது அடுத்தவருக்குத் தெரியவில்லை. நீதிமன்றம் போனபோதும் இதே கதைதான்: 2019 தொடக்கத்தில் வந்த முந்தைய வழக்கில், தீர்ப்புக்கு முன்பே வழக்காடியவரின் பாக்கியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள்.

நம்பிக்கை: தனிநபர் விவரத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது, அது நம்மைக் காக்கும்.

காக்கும், பல நேரங்களில். 2017-இல் ஒரு பெண் சென்டர்லிங்க் தன்னை நடத்திய விதத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். சில நாளில் அவருடைய உதவித்தொகை விவரங்கள் அரசுத் தரப்பிலிருந்து இன்னொரு பத்தி எழுத்தாளர் கைக்குப் போய்ச் சேர்ந்து, அச்சிலும் வந்தன. இது சட்டமீறலா என்று விசாரித்த தனிநபர் தகவல் ஆணையர் அலுவலகம், துறை செய்தது அனுமதிக்கப்பட்டதே என்று 2018-இல் சொல்லிவிட்டது. துறைமீது குறை சொன்னால், பதில் சொல்ல உங்கள் கோப்பைத் துறை திறக்கலாம் என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள்.

ரோபோடெட்டை விசாரிக்கப் பின்னால் அமைந்த ராயல் கமிஷன் இதை வேறு விதமாகப் பார்த்தது. திட்டத்தை விமர்சித்தவர்களின் வாயை அடைக்கும்படி பயனாளிகளின் விவரங்களை ஊடகங்களில் பயன்படுத்தியது அதிகாரத் துஷ்பிரயோகம் என்று, அப்போது மனித சேவைகள் துறை அமைச்சராக இருந்த ஆலன் டட்ஜ்மேல் அது குற்றம் கண்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், சட்டப்படி சரி என்பதற்கும் சரி என்பதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும்.

நம்பிக்கை: ஏமாற்றியவர்களுக்குத்தான் கடிதம் வந்தது.

2020 மே 29-இல் அரசே 4,70,000 கடன்களுக்கு 72.1 கோடி டாலர் திருப்பித் தருவதாக அறிவித்தது. அத்தனை ஏமாற்றுக்காரர்களுக்கு எந்த அரசும் பணம் திருப்பித் தராது. கடிதம் வந்த பிறகு தற்கொலை செய்துகொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் ராயல் கமிஷன் முன்னால் சாட்சி சொன்னார்கள். அவர்கள் பிள்ளைகளையும் கணக்கு பாக்கிதாரர்கள் என்றுதான் காட்டியது.

நம்பிக்கை: பணம் திரும்பியது, அறிக்கை வந்தது, கதை முடிந்தது.

குயின்ஸ்லாந்தின் முன்னாள் தலைமை நீதிபதி காத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான ராயல் கமிஷன் 2023 ஜூலை 7-இல் 57 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது உண்மை. இப்போது முதலாளிகள் ஒவ்வொரு சம்பளத்தின்போதும் வரித்துறைக்கு விவரம் அனுப்புகிறார்கள். 2020 டிசம்பரிலிருந்து அந்த விவரம் உதவித்தொகைக் கணக்கிலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டு வருகிறது. ஆண்டு மொத்தத்தை உடைக்க வேண்டிய தேவை குறைந்தது. இது நல்ல மாற்றம், சந்தேகமில்லை.

ஆனால் அறிக்கை வந்த அதே 2023-இல் ஆம்புட்ஸ்மன் இன்னொன்றை வெளியே கொண்டுவந்தார். ஒருவருக்குச் சம்பளம் போடும் இரண்டு வாரமும் சென்டர்லிங்க் கணக்கிடும் இரண்டு வாரமும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. ஒரு சம்பளச் சீட்டு இரண்டு கணக்குக் காலங்களுக்கு நடுவில் விழும்போது, எந்த நாளில் எவ்வளவு சம்பாதித்தார் என்று தெரியாமலே தொகையைப் பங்கிட்டுப் போட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு முரணானது என்று அவர் சொன்ன இந்தப் பழக்கம் குறைந்தது 2003-இலிருந்து 2020 வரை நடந்திருக்கிறது. ரோபோடெட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கும் முன்னால், கடிதத்தை ஆள் பார்த்து அனுப்பிய காலத்திலேயே தொடங்கியது.

ரோபோடெட்டுக்கான நஷ்டஈடும் ஓயவில்லை. அரசு தெரிந்தே செய்தது என்று காட்டும் ஆவணங்கள் ராயல் கமிஷனில் வெளிவந்ததும், முன்பு அரசோடு சமரசம் செய்துகொண்டவர்கள் மறுபடி நீதிமன்றம் போனார்கள். 2025 செப்டம்பரில் மேலும் 47.5 கோடி டாலர் தர அரசு ஒப்புக்கொண்டது.

ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு கடிதம் இனி யாருக்காவது வந்தால், 1982-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தன்னைப் பற்றிய கோப்பைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம். முதலில் பார்க்க வேண்டியது பாக்கித் தொகையை அல்ல. அதற்கு ஆதாரமாக வைத்த வருமானம் எந்தக் காலத்துக்கானது, அதைத் துறைக்குச் சொன்னது யார் என்ற பக்கத்தை.