மொட்டை மாடியில் கச்சேரிப் படம் பார்க்கலாமா?

டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ (1984) நியூ வேவ் இசை ரசிகர்கள் கொண்டாடும் கச்சேரிப் படம். திருவண்ணாமலையில் நண்பர்களோடு கூடிப் பார்க்க சில யோசனைகள்:

● நாள்: பௌர்ணமி, கார்த்திகை தீபம் வேண்டாம். 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம் இருக்கும். வெளியூர் நண்பர்களுக்கு அறை கிடைப்பதும் கஷ்டம்.

● நேரம்: படம் ஒன்றரை மணி நேரம்தான். இருட்டியதும் 7 மணிக்குத் தொடங்கினால் 8.30க்கு முடிந்துவிடும். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிக்காது.

● ஒலி: புரொஜெக்டரின் உள் ஸ்பீக்கர் போதாது. தனி ஸ்பீக்கரை வயர் போட்டு இணையுங்கள். புளூடூத்தில் பாட்டு ஒரு பக்கம், வாயசைவு ஒரு பக்கம் போகலாம்.

● திரை: வெள்ளை வேட்டியே போதும். காற்றில் ஆடாமல் நான்கு மூலையையும் இழுத்துக் கட்டுங்கள்.

● இடம்: நாற்காலிகளைப் பின்னால் போடுங்கள். முன்னால் ஆடுபவர்களுக்கு இடம் வேண்டும்!

● தாமதம் கூடாது: குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் தனியாகத் தொடங்க, மற்ற கலைஞர்கள் பாட்டுக்குப் பாட்டு மேடையேறுவதுதான் படத்தின் அழகே.

● உரிமம்: வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் பார்ப்பது வேறு, மண்டபம் பிடித்து டிக்கெட் விற்பதென்றால் படத்தின் உரிமையாளரிடம் முன்அனுமதி கட்டாயம்.