நோன்புப் பணியாரமும் புனித சின்னப்பரும்

காரைக்குடியில் மார்கழி பிறந்தால், கத்தோலிக்கப் பெண்களாகிய எங்களுக்கு ஒரு கேள்வியும் கூடவே பிறக்கும். கிறிஸ்துமஸ் குடிலுக்கு நாங்கள் வைக்கோல் தேடும் நாட்களை ஒட்டியே நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வருகிறது. திருக்கார்த்திகை தொட்டு 21 நாள், நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியிலிருந்து நூல் எடுப்பார்கள். அந்த 21 இழைகளையும் திரியாக்கி, வெல்லம் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். இதுவே இழை எடுத்தல். "நீங்களும் வாங்க" என்று தோழி அழைக்கிறாள். போகலாமா? படைத்த பணியாரத்தை உண்ணலாமா?

கேள்வி புதிதன்று. கொரிந்து நகரத்து ஆதிக் கிறிஸ்தவர்களும் கோயிலில் படைத்த இறைச்சியைப் பற்றி இதையே கேட்டனர். பவுல் எனப்படும் புனித சின்னப்பர், அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8, 10 ஆம் அதிகாரங்களில் விடை தருகிறார். நண்பர் வீட்டு விருந்தில் வைத்ததை விசாரியாமல் உண்ணலாம். ஆனால் இது படையல் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவருடைய மனச்சான்றின் பொருட்டு விலக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

இங்கேதான் சிக்கல். எங்கள் தோழிகள் சொல்லித்தானே தருகிறார்கள்! மறைக்கல்வி வகுப்பில் நெடுநேரம் வாதாடினோம். கொரிந்தில் அதை உண்பதைக் கண்டு, விசுவாசத்தில் தளர்ந்து போகக்கூடியவர்கள் இருந்தனர். எங்கள் தெருவிலோ, பணியாரம் தின்றதால் இவள் கிறிஸ்துவை விட்டாள் என்று எவரும் எண்ணுவதில்லை. தின்னாமல் வைத்தால்தான் மனம் புண்படுகிறது. ஆகவே பணியாரமும் பொரியும் உண்கிறோம். இழை மட்டும் எடுப்பதில்லை. அது பண்டமன்று, வழிபாடு. சென்ற ஆண்டு தோழியின் அப்பத்தாவிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். "அதுக்கென்ன ஆத்தா, நீ பணியாரத்தை எடுத்துக்க" என்று இரண்டு கூடவே வைத்தார்கள். (எதையுமே வாங்கக் கூடாது என்னும் கத்தோலிக்க வீடுகளும் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளை நாங்கள் கேலி செய்வதில்லை. அதுவும் சின்னப்பர் சொன்னதே.)

பழக்கம் வேறு, வழிபாடு வேறு என்று எங்களுக்கு முன்பே பிரித்துப் பார்த்தவர், 1606 இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார். அவர் பொங்கலை ஒழிக்கவில்லை; சிலுவையின் அடியில் பொங்கலிட அனுமதித்தார் என்று அவரது வரலாறு கூறும். பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை 1623 இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரும் சில நிபந்தனைகளுடன் ஏற்றுக்கொண்டார்.

பிறர் மனச்சான்றைப் பார் என்பது எங்கள் பலகாரத் தட்டுக்கும் உரியது என்பதை மட்டும் நாங்கள் மறந்திருந்தோம். கிறிஸ்துமஸ் நாளில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்களின் விரதம் பெரும்பாலும் முடிந்திராது. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு முன்பொரு முறை முட்டை சேர்த்த கேக்கைக் கொண்டு போனோம். தோழியின் தாயார் சிரித்த முகத்துடன் வாங்கி, உள்ளே கொண்டு போகாமல் திண்ணையிலேயே வைத்துவிட்டார். இப்போதெல்லாம் அந்த வீட்டுக்கு அதிரசமும் முறுக்கும்தான் போகின்றன.