சத்தம் எங்கிருந்து வருகிறது? பழைய வாகனம் கற்றுத்தரும் அறிவியல்

மாணவர்களே, குவீன்ஸ்டவுனை ஒட்டிய அலெக்சாண்ட்ரா சாலையும் லெங் கீ சாலையும் கார்க் கூடங்களுக்குப் பெயர்போனவை. அங்கே பளபளப்பது புதிய வாகனங்கள். ஆனால் நம் சாலைகளில் பழையவையும் ஓடுகின்றன. 10 ஆண்டு வாகன உரிமைச் சான்றிதழ் முடிந்ததும், அதை 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பவர்கள் உண்டு.

என் சித்தப்பாவின் பழைய வேனில் ஒருநாள் ‘கர்ர்’ என்று சத்தம் வந்தது. “கியர்பாக்ஸ் போய்விட்டது” என்றார்கள். பெருந்தொகை செலவழித்து மாற்றினார். சத்தம் போகவில்லை! பழுது கிளட்ச் பேரிங்கில் இருந்தது. சோதிக்காமல் முடிவெடுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

எப்படிச் சோதித்திருக்கலாம்?

வாகனம் நிற்கட்டும், இயந்திரம் ஓடட்டும், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். இப்போது கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு சுழல்கிறது. கிளட்சை மிதித்தால் அது நின்றுவிடும். மிதித்ததும் சத்தம் நின்றால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், கிளட்சை விடுவிக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஓட்டும்போது ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தமா? அந்தக் கியரின் பற்கள் தேய்ந்திருக்கலாம்.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம், மற்றவை மாறவில்லை. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் அதே நியாயமான சோதனைதான் இது.

தானியங்கி கியர் வாகனமா? எண்ணெயைப் பாருங்கள். பெரும்பாலும் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்து, கருகிய வாடை அடித்தால், உள்ளே உராய்வுத் தட்டுகள் வழுக்கிச் சூடேறியிருக்கலாம். பால் கலந்த இளஞ்சிவப்பு நிறம் என்றால், குளிர்விப்பு நீர் கலந்திருக்கலாம்.

நான்கு சக்கர இயக்கம்

மலைத் தோட்டங்களில் ஓடும் பழைய மகேந்திரா ஜீப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி உண்டு. முன், பின் அச்சுகள் இரண்டுக்கும் ஆற்றலைப் பிரித்துத் தருவது அதுதான். குறைவேக நிலையில் மட்டும் இரைச்சல் கேட்டால், அந்தப் பெட்டியின் குறைவேகப் பல்சக்கரங்களை முதலில் பார்க்க வேண்டும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இத்தகைய ஜீப்பில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, காய்ந்த தார்ச்சாலையில் வளைந்து திரும்பினால் வண்டி இழுத்துப் பிடிக்கும், டயர்கள் துள்ளும். பழுது என்று பயப்பட வேண்டாம். திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்கின்றன. டிரான்ஸ்ஃபர் கேஸோ இரண்டு அச்சுகளையும் ஒரே வேகத்தில் சுழற்றுகிறது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி ஈடுகொடுக்கும். தார்ச்சாலையில் அதற்கு வழியில்லை. அப்படியே தொடர்ந்து ஓட்டினால் உண்மையிலேயே பழுதாகும்!

செய்து பாருங்கள்

ஒரு ஜீப்பில் முதல் கியர் விகிதம் 4:1, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2:1, அச்சு 4:1 எனக் கொள்வோம். சக்கரம் ஒருமுறை சுற்ற இயந்திரம் எத்தனை முறை சுற்ற வேண்டும்? 4 × 2 × 4 = 32 முறை. வேகம் 32 மடங்கு குறைகிறது. உராய்வு இழப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் முறுக்குவிசை 32 மடங்கு கூடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸை 1:1 நிலைக்கு மாற்றினால் என்னவாகும்? நீங்களே கணக்கிடுங்கள்.

அடுத்தமுறை வீட்டில் மின்விசிறியோ சைக்கிளோ சத்தம் போட்டால், உடனே “இதுதான் பழுது” என்று சொல்லிவிடாதீர்கள். எப்போது சத்தம் வருகிறது, எப்போது நிற்கிறது என்று முதலில் குறித்து வையுங்கள்.