உறையாத குளிரில் ஒரு கல்லீரல்

மாணவர்களே, கோத்தா கினாபாலுவில் தானமாகக் கிடைத்த ஓர் இதயம் கோலாலம்பூரின் தேசிய இருதயக் கழகத்துக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விமானப் பயணமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். பனிக்கட்டிப் பெட்டியில் இதயம் தாங்குவதோ 4 முதல் 6 மணி நேரம்தான். ஷா ஆலமிலிருந்து மாலை வேளையில் கூட்டரசு நெடுஞ்சாலையில் போயிருந்தால், இது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று உங்களுக்கே தெரியும்.

பெட்டிக்குள் வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸ். அங்கே உயிரணுக்களின் வேலை மெதுவாகிறது, நிற்பதில்லை. 10 டிகிரி குறைந்தால் அந்த வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். அப்படியானால் இன்னும் குளிர வைத்தால் என்ன?

உறைய வைத்த தக்காளியை வெளியே எடுத்துப் பாருங்கள். குழைந்து நீர் விடும். நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிகிறது. படிகங்கள் திசுவைக் கிழிக்கின்றன. இன்னொரு கேடும் உண்டு. பனிக்கட்டி உப்பைச் சேர்த்துக்கொள்ளாது. எஞ்சிய நீரில் உப்பு செறிந்து, உயிரணுவுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடும்.

ஆனால் 0 டிகிரிக்குக் கீழே போனால் நீர் உறைந்தே தீரும் என்பதில்லை. முதல் படிகம் உருவாக ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும். அது அமையாவிட்டால் நீர் திரவமாகவே இருக்கும். இதுதான் மீக்குளிர்வு. உறைபெட்டியில் அசையாமல் வைத்த குடிநீர்ப் போத்தல், எடுத்துத் தட்டியதும் சட்டென உறைவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை ஆய்வாளர்கள் இதைக் கல்லீரலில் பயன்படுத்தினார்கள். 2014-இல் எலியின் கல்லீரல். 2019-இல் மனிதக் கல்லீரல், -4 டிகிரியில். காற்றும் திரவமும் தொடும் இடத்தில் பனி எளிதில் தொடங்கும் என்பதால், பையிலிருந்த காற்றை முழுதும் அகற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இவ்வளவு எளிய செயல்! கிளிசரால், டிரெஹலோஸ் ஆகியவற்றோடு, குளுக்கோஸைப் போன்ற ஒரு பொருளையும் சேர்த்தார்கள். வட அமெரிக்க மரத்தவளையும் குளிர்காலத்தில் தன் உயிரணுக்களைக் குளுக்கோஸால் நிரப்பியே தப்பிக்கிறது.

கல்லீரலைக் காக்கும் நேரம் 9 மணியிலிருந்து 27 மணி ஆனது. அவை நோயாளிகளுக்குப் பொருத்தப்படவில்லை. கருவியில் வெதுவெதுப்பான இரத்தத்தைச் செலுத்திச் சோதித்தார்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் வழி வேறு. எலியின் சிறுநீரகத்தைப் படிகமே இல்லாத கண்ணாடிபோல் இறுக்கி, 100 நாள் வரை வைத்து, இரும்பு ஆக்சைடு நுண்துகள்களால் உள்ளிருந்தே சூடாக்கி மீண்டும் எலிக்குப் பொருத்தினார்கள். அது வேலை செய்தது. இது 2023-இல் வெளிவந்தது. எலியின் சிறுநீரகம் ஓரிரு கிராம். நம்முடையது 150 கிராம் அளவு. அத்தனை பெரிய உறுப்பை எங்கும் ஒரே சீராகச் சூடாக்குவதுதான் இப்போது அவர்கள் முன் நிற்கும் கேள்வி.