ஒரே வண்டி, ஒரே விதி: டிராக் ரேஸ் ஸ்க்ரூட்டினியை நேர்மையாக நடத்துவது எப்படி?

டிராக் ரேஸில் வாதாட இடம் குறைவு. இரண்டு வண்டிகள், ஒரு நேர்கோடு, பச்சை விளக்கு, கால் மைல் தூரம். அதாவது 402 மீட்டர். முந்தியது யார் என்பதை மின்னணுக் கடிகாரம் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி வரை சொல்லிவிடும். இருந்தும் அமெச்சூர் போட்டிகளில் சச்சரவுக்குப் பஞ்சமில்லை. அதில் பெரும்பகுதி ஓடுதளத்தில் முளைப்பதில்லை. வண்டிகளைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினி கூடாரத்தில் முளைக்கிறது. “அவன் வண்டியைப் பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டினாங்க. என் வண்டியை மட்டும் அரை மணி நேரம் நோண்டினாங்க” என்பதுதான் பேடாக்கில் காதில் விழும் வழக்கமான புலம்பல்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. அமெரிக்காவில் தெருவில் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த இளைஞர்களை ஒழுங்கான ஓடுதளத்துக்குக் கொண்டுவர, 1951ல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பைத் தொடங்கினார். போட்டியை எப்படி நடத்துவது, வண்டிகளை எப்படிச் சோதிப்பது என்று உள்ளூர் கிளப்புகளுக்குக் கற்றுத்தர 1954ல் ‘சேஃப்டி சஃபாரி’ என்ற சிறு குழு ஊர் ஊராகப் புறப்பட்டது. கடிகாரம் எவ்வளவு முக்கியமோ, சோதனையும் அவ்வளவு முக்கியம் என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். நம் பக்கம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தேசிய மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகள் நடக்கின்றன. விமான ஓடுபாதைகளில் கூடி ஓட்டுவதும் உண்டு.

கிளப் போட்டி நடத்துபவர்களுக்கும், அதில் கலந்துகொள்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. சோதிப்பவர் நல்லவராக இருந்தால் மட்டும் சோதனை நியாயமாகிவிடாது. அவர் யாராக இருந்தாலும் ஒரே முடிவு வரும்படி முறையை அமைக்க வேண்டும். அதற்கான படிகள் இவை.

படி 1: இரண்டு சோதனைகளைப் பிரியுங்கள்

பாதுகாப்புச் சோதனை வேறு, பிரிவுச் சோதனை வேறு. ஹெல்மெட், பிரேக், திராட்டில் திரும்புதல், எண்ணெய்க் கசிவு, செயின் கார்டு ஆகியவை பாதுகாப்பு சார்ந்தவை. இவற்றை ஓடுவதற்கு முன், ஒரு வண்டி விடாமல் பார்க்க வேண்டும். சிசி, எடை, கார்புரேட்டர், பெட்ரோல் ஆகியவை பிரிவு சார்ந்தவை. இவற்றை ஓடி முடித்த பிறகு, ஜெயித்தவர்களிடமும் குலுக்கலில் வருபவரிடமும் பார்த்தால் போதும்.

இரண்டையும் ஒரே மேசையில் கலக்கும்போதுதான் கோளாறு தொடங்குகிறது. எஞ்சினில் ஏதோ செய்திருக்கிறான் என்ற சந்தேகத்தில், சோதிப்பவர் ஒருவரின் பிரேக் கேபிளை மட்டும் அதிகமாகக் குடைவார். பாதுகாப்பின் பெயரால் பழிவாங்கினார்கள் என்று வண்டிக்காரர் நினைப்பார். பாதுகாப்புக்கு ஒரு மேசை, ஒரு குழு. பிரிவுக்கு வேறு மேசை, வேறு குழு என்று வையுங்கள்.

படி 2: விதியை எண்ணில் எழுதுங்கள்

“தரமான ஹெல்மெட் அணிய வேண்டும்” என்பது விதியல்ல, ஆசை. எது தரம் என்பதைக் காலையில் ஒருவரும் மதியம் இன்னொருவரும் முடிவு செய்வார்கள். என்.எச்.ஆர்.ஏ. விதிப்புத்தகம் இங்கே நல்ல பாடம். கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்குக் குறைவாகவோ கடக்கும் காரை ஓட்டுபவருக்கு ஹெல்மெட் கட்டாயம். 11.49 வினாடியைத் தொட்டால் பொதுவாக ரோல் பார் வேண்டும். 9.99 வினாடிக்கோ, மணிக்கு 135 மைல் வேகத்துக்கோ (சுமார் 217 கி.மீ.) வந்துவிட்டால் பொதுவாக சேஸிஸுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். சீட் பெல்ட்டுக்குத் தயாரிப்புத் தேதியிலிருந்து 2 ஆண்டு ஆயுள் என்றால், பட்டையில் தைத்திருக்கும் தேதியைப் பார்த்தாலே விஷயம் முடிந்தது.

எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. அதை அளக்கும் வழியையும் விதியே தர வேண்டும். ரோல் பார் குழாயின் கனம் சாதா இரும்பு என்றால் 0.118 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3 மி.மீ. இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் கனம் தெரியாது. அதனால் பலத்தைப் பாதிக்காத இடத்தில் சிறு துளை ஒன்று போட்டு வைக்கும்படி அதே புத்தகம் சொல்கிறது. சோதிப்பவர் அந்தத் துளை வழியே கனத்தை அளந்துகொள்வார். “உன்னை நம்பலாமா?” என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

நம் ஊர் உதாரணம் ஒன்று. யமஹா ஆர்.எக்ஸ்.100 எஞ்சினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. கணக்குப் போட்டால் 98 சிசி. “100 சிசி வரை” என்று ஒரு பிரிவு வைத்தால், புதிதாக வந்த வண்டி கவலையில்லாமல் உள்ளே வரும். ஆனால் இன்று புதிய ஆர்.எக்ஸ்.100 ஏது? எல்லாம் போர் அடித்த வண்டிகள். 0.25 மி.மீ. போர் ஏற்றினால் 99.2 சிசி. 0.50 ஏற்றினால் 100.1 சிசி, பிரிவைத் தாண்டியாயிற்று. 1 மி.மீ. ஏற்றினால் 102 சிசி. வேகத்துக்காக அல்லாமல், தேய்ந்த பிளாக்கைச் சரிசெய்ய போர் அடித்தவரும் ஏமாற்றுக்காரர் ஆகிவிடுகிறார். எத்தனை ஓவர்சைஸ் வரை அனுமதி என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அந்த வரியையும் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே வெளியிட்டுவிட வேண்டும். போட்டியன்று காலையில் விதி பிறக்கக் கூடாது.

படி 3: சோதிப்பவர்களைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

அமெச்சூர் வட்டத்தின் பெரிய சங்கடம் இது. எஞ்சின் தெரிந்தவர்கள் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். அவர்களே பாதிப் பேருக்கு வண்டி டியூன் செய்து கொடுப்பவர்களும் கூட. அவர்களை ஒதுக்கிவிட்டால் விஷயம் தெரிந்த ஆள் கிடைக்காது. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

- தான் டியூன் செய்த, தன் கடையில் பாகம் வாங்கிய, உறவினர் ஓட்டும் வண்டிகள் எவை என்று ஒவ்வொரு சோதகரும் முன்கூட்டியே எழுதித் தரட்டும். அந்த வண்டிகளை வேறொருவர் பார்க்கட்டும்.
- ஒரு வண்டிக்கு இரண்டு பேர். ஒருவர் பார்க்க, மற்றவர் எழுத, இருவரும் கையெழுத்திட வேண்டும்.
- பிரிவுச் சோதனைக்கு மட்டுமாவது, அந்த வட்டத்தில் போட்டியே இல்லாத மெக்கானிக்கையோ பாலிடெக்னிக் ஆசிரியரையோ அழையுங்கள்.

அன்றைக்கு ஓட்டுபவர் யாரும் அன்றைக்குச் சோதிக்கக் கூடாது. இதில் விதிவிலக்கே வேண்டாம்.

படி 4: ஒரே படிவம், ஒரே வரிசை

அச்சடித்த படிவம் ஒன்று வேண்டும். முன் சக்கரத்தில் தொடங்கிப் பின் சக்கரத்தில் முடியும்படி கேள்விகளை அடுக்குங்கள். ஆக்சில் நட்டு, பிரேக், ஹேண்டில் முழுதாகத் திரும்புகிறதா, திராட்டிலை விட்டதும் தானே மூடுகிறதா, கில் சுவிட்ச் வேலை செய்கிறதா, பெட்ரோல் குழாய், ஆயில் டிரெயின் போல்ட், செயின், டயர், கடைசியில் ஹெல்மெட், கிளவுஸ், ஜாக்கெட், பூட்ஸ். பழகிய கைக்கு ஒரு பைக்குக்கு சில நிமிடங்கள் போதும்.

படிவத்தில் உள்ளதை எல்லோரிடமும் பார்க்க வேண்டும். இல்லாததை யாரிடமும் பார்க்கக் கூடாது. போன வருட சாம்பியன், ஸ்பான்சரின் மகன், முதல்முறை வந்த கல்லூரிப் பையன் என எல்லோருக்கும் அதே படிவம்தான். வரிசையை டோக்கன் போட்டு நிர்ணயியுங்கள். முதலில் வருபவருக்குப் பழுதைச் சரிசெய்ய நேரம் கூடுதலாகக் கிடைக்கும். அதனால் தெரிந்தவர்களை முன்னே விடுவதும் ஒருவகைச் சலுகைதான்.

படி 5: முதலில் கருவியைச் சோதியுங்கள்

எடை மேடை சமதளத்தில் இருக்கிறதா? காலையில் எடை தெரிந்த ஒரு பொருளை வைத்துப் பார்த்து, கிடைத்த எண்ணைப் பலகையில் எழுதுங்கள். மதியம் அதையே திரும்பச் செய்யுங்கள். போட்டியாளர்கள் ஓடுவதற்கு முன் தாங்களே எடை பார்த்துக்கொள்ள மேடையைத் திறந்து விடுங்கள். வீட்டுத் தராசில் சரியாக இருந்த வண்டி இங்கே அரை கிலோ குறையலாம். ஜெயித்த பிறகு அது தெரியவந்தால் வம்பு. முன்பே தெரிந்தால் ஒரு ஈயக்கட்டியோடு போயிற்று. ஓட்டுபவரோடு சேர்த்தா, தனியாகவா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறபடியா என்பதையும் எழுதி வையுங்கள்.

படி 6: ‘கூடாது’ என்றால் எழுத்தில் சொல்லுங்கள்

முடிவு மூன்றே வகை: சரி, சரிசெய்துவிட்டு வரவும், ஓட அனுமதியில்லை. பின்னிரண்டுக்கும் விதி எண்ணைக் குறிப்பிட்டுப் படிவத்தில் எழுதி, நகலைக் கையில் தர வேண்டும். விதி எண் எழுத முடியவில்லை என்றால் நிராகரிக்கவும் முடியாது. சோதகரின் கைக்கு இதைவிட நல்ல கடிவாளம் இல்லை. மறுசோதனைக்கான கடைசி நேரம் எல்லோருக்கும் ஒன்றே.

இன்னொன்று: ஓடத் தொடங்கிய பிறகும் பாதுகாப்புச் சோதனை முடிந்துவிடுவதில்லை. 12 வினாடி என்று சொல்லி அனுமதி வாங்கிய கார் 11.3 வினாடியில் ஓடி, உள்ளே ரோல் பார் இல்லையென்றால், டைமிங் அறையிலிருந்து சோதகருக்குத் தகவல் போக வேண்டும். அந்த காரை அன்றைக்கு நிறுத்த வேண்டும். கூட்டம் கைதட்டிய ஓட்டம் என்பதற்காக விட்டுவிட்டால், பணம் செலவழித்து ரோல் பார் போட்டு வந்தவர்தான் ஏமாளி.

படி 7: ஜெயித்த வண்டியைப் பிரித்துப் பாருங்கள்

ஒவ்வொரு பிரிவிலும் முதல் மூன்று வண்டிகளும், குலுக்கலில் வரும் ஒரு வண்டியும் கயிறு கட்டிய இடத்துக்கு நேராக வர வேண்டும். வழியில் பேடாக் பக்கம் திரும்பக் கூடாது. அங்கே சொந்த ஆட்கள் யாரும் வண்டியைத் தொடக் கூடாது.

சிசி அளப்பதில் அவசரம் வேண்டாம். ஓடி வந்த சூட்டில் உலோகம் விரிந்திருக்கும். 50 மி.மீ. போர் கொண்ட இரும்பு லைனர் 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.05 மி.மீ. விரியும், கணக்கில் அது 0.2 சிசி. எல்லையை ஒட்டி நிற்கும் வண்டிக்கு அதுவே தகுதியிழப்பு. ஆறவிட்டு அளவெடுங்கள். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு ஆறும் நேரம் கொடுங்கள். ஹெட்டையும் பிளாக்கையும் வண்டிக்காரரின் மெக்கானிக்கே கழற்றட்டும். அளப்பது மட்டும் சோதகர். போர் கேஜால் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் பிளாக்கில் கேஜின் முனை போர்ட் துளைக்குள் விழுந்தால் அளவு பிசகும். அந்த இடத்தைத் தவிர்க்கவும். ஆறு எண்களையும் வண்டிக்காரர் கண்முன் எழுதி, அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். பெட்ரோல் மாதிரி எடுத்தால் இரண்டு பாட்டிலில் எடுத்து, இரண்டுக்கும் சீல் வைத்து, ஒன்றை அவரிடமே கொடுங்கள்.

படி 8: புகாருக்கு ஒரு வாசல் வையுங்கள்

புகார் எழுத்தில், பெயரோடு, குறிப்பிட்ட நேரத்துக்குள், கட்டணத்தோடு வர வேண்டும். உண்மையானால் கட்டணம் திரும்பக் கிடைக்க வேண்டும். சர்வதேச மோட்டார் பந்தயங்களிலும் இதுதான் வழக்கம். கட்டணம் அடியோடு இல்லையென்றால் தோற்றவரெல்லாம் புகார் எழுதுவார்கள். அதிகமாக இருந்தால் ஏழைப் போட்டியாளர் வாயைத் திறக்க மாட்டார். ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்ட ஆகும் கேஸ்கெட், கூலி ஆகியவற்றை ஒட்டி அது இருக்கட்டும். புகார் பொய்யானால் அந்தப் பணம் பிரிக்கப்பட்ட வண்டிக்காரருக்குப் போகட்டும்.

தீர்ப்பை முதலில் சோதித்தவரே சொல்லக் கூடாது. சோதனையில் பங்கில்லாத மூவர் உட்கார்ந்து கேட்கட்டும். முடிவையும் விதி எண்ணையும் அளவுகளையும் அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். மறைத்து வைத்த அளவிலிருந்துதான் வதந்தி கிளம்பும்.

போட்டியாளர்களுக்குச் சில வார்த்தைகள்

- விதிப்புத்தகத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். சந்தேகமான பாகம் இருந்தால் போட்டிக்கு முன்பே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.
- ஹெல்மெட்டின் தரச்சீட்டு பல சமயம் உள்பஞ்சுக்கு அடியில் இருக்கும். அதை முன்னமே தேடி வையுங்கள்.
- வண்டியைக் கழுவி, எண்ணெய் துடைத்துக் கொண்டுபோங்கள். அழுக்கு வண்டியில் பழைய கசிவும் புதிய கசிவும் ஒன்றுபோலத் தெரியும்.
- நிராகரித்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, எந்த விதி எண்?” அவனை விட்டீர்களே என்ற வாதம் உங்கள் வண்டியைச் சரியாக்காது. அவன் வண்டியில் குறை இருந்தால் அதற்குத் தனிப் புகார் எழுதுங்கள்.
- வாட்ஸ்ஆப்பில் குமுறுவதற்கு முன் புகார் நேரம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.

இவ்வளவையும் ஒரே ஆண்டில் கொண்டுவர முடியாத சின்ன கிளப்பாக இருக்கலாம். அப்படியானால் அடுத்த போட்டிக்கு இரண்டை மட்டுமாவது செய்யுங்கள்: எல்லோருக்கும் ஒரே அச்சிட்ட படிவம், விதி எண் இல்லாமல் நிராகரிப்பு இல்லை. செலவு சில நூறு ரூபாய் காகிதம்தான். தோற்றவனும் அடுத்த முறை வண்டியோடு வந்து நிற்கிறானா என்பதுதான் ஒரு ஸ்க்ரூட்டினிக்கு மதிப்பெண்.