பித்தளைப் பொருள்களின் பழைய பூச்சை அகற்றுதல்: பாதுகாப்பான கரைப்பானைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தீபாவளி நெருங்கும்போது வீட்டிலுள்ள பித்தளைப் பொருள்களைத் துலக்குவது நம்மில் பலருக்கும் பழக்கம். குத்துவிளக்கு, பூசை மணி, கதவுக் கைப்பிடி, தாழ்ப்பாள், பழைய அலமாரியின் இழுப்பறைப் பிடி என எல்லாவற்றுக்கும் புளி போதும் என்று நினைக்கிறோம். ஆனால், சில பொருள்கள் எவ்வளவு தேய்த்தாலும் பளிச்சிடுவதில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம், பித்தளை கறுக்காமல் இருப்பதற்காகத் தொழிற்சாலையில் பூசப்பட்ட லாக்கர் என்னும் மெல்லிய, நிறமற்ற பூச்சு. அது பழையதாகி ஆங்காங்கே உரியும்போது, அடியிலுள்ள பித்தளை கறுத்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் பூச்சு, புளியைப் பித்தளையிடம் சேரவிடாமல் தடுக்கிறது.

இந்தப் பூச்சை அகற்றக் கடைகளில் பல திரவங்கள் கிடைக்கின்றன. சிலவற்றைக் கவனத்துடன் வீட்டில் பயன்படுத்தலாம். வேறு சில, காற்றோட்டமில்லாத அறையில் உயிருக்கே ஆபத்தாகலாம். எதில் தொடங்குவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

முதலில் சோதித்துப் பாருங்கள்

• காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால், அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பூச்சை எடுத்துவிட்டுத் தேய்த்தால் முலாம் போய்விடும், இரும்பு துருப்பிடிக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

• நிறத்தைக் கவனியுங்கள். பூச்சில்லாத பித்தளை பெரும்பாலும் ஒரே சீராகப் பழுப்பேறும். பூச்சுள்ள பித்தளை திட்டுத் திட்டாகக் கறுக்கும். ஓரங்களில் பூச்சு தோல்போல உரிந்திருக்கும்.

• மறைவான இடத்தில் சிறிது புளியைத் தேய்த்துப் பாருங்கள். ஓரிரு நிமிடங்களில் பளிச்சிட்டால் அங்கே பூச்சு இல்லை. உங்களுக்குக் கரைப்பானே தேவையில்லை.

• மேலே வண்ணச் சாயம் அடிக்கப்பட்டிருந்தால், நீங்களே சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ வேண்டாம். பழைய சாயங்களில் காரீயம் இருக்கலாம். அதன் தூசு உங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தீங்கானது.

மூத்தோர் ஏன் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்?

வயதாக ஆக மோப்ப உணர்வு குறைகிறது. "வாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே" என்று நினைக்கும் வேளையில், அறை முழுவதும் ஆவி நிறைந்திருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்தால் தலைசுற்றல் வரும். தலைசுற்றினால் விழ நேரிடும். மூத்தோரின் தோல் மெலிதாகவும் வறண்டும் இருப்பதால் கரைப்பான் பட்டால் எளிதில் வெடித்துப் புண்ணாகும். நீரிழிவால் கைகளில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு பட்டாலும் உடனே தெரியாது.

உங்களுக்கு ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய் அல்லது இதய நோய் இருந்தால், கரைப்பான் வேலையை நீங்களே செய்யாதீர்கள். வீட்டில் உயிர்வாயுக் கருவி பயன்படுத்துவோர் இருந்தால், அந்த வீட்டில் இவ்வேலை அறவே வேண்டாம்.

படி 1: வெந்நீரும் சமையல் சோடாவும்

பழைய பூச்சுகள் பல வெந்நீரிலேயே கழன்றுவிடும். சூட்டில் பித்தளை விரிவதால், ஏற்கெனவே தளர்ந்துபோன பூச்சு பிடிமானத்தை இழக்கிறது. எனவே, எப்போதும் இதிலிருந்தே தொடங்குங்கள்.

1. கைப்பிடி, தாழ்ப்பாள் போன்றவற்றைக் கதவிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். மின்கம்பி உள்ள விளக்குகளையும், மரம் அல்லது பிளாஸ்டிக் பகுதி உள்ளவற்றையும் நீரில் போடவேண்டாம்.

2. சமையலுக்குப் பயன்படுத்தாத எவர்சில்வர் பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீருக்கு 2 மேசைக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். சோடா அதை அரிக்கும்.

3. பொருளைப் போட்டு 15 நிமிடம் மெல்லிய கொதியில் வைத்து, அடுப்பை அணைத்துவிடுங்கள்.

4. பாத்திரத்தைத் தூக்கவேண்டாம். கைபொறுக்கும் அளவுக்கு நீர் ஆறும்வரை அடுப்பிலேயே இருக்கட்டும். பிறகு பொருளை எடுத்து, பருத்தித் துணியால் துடையுங்கள். பூச்சு ஏடு ஏடாக உரிந்து வரும்.

ஒருமுறையில் முழுவதும் வராவிட்டால் மீண்டும் ஒருமுறை செய்யலாம். கம்பி நாரால் தேய்க்காதீர்கள். பித்தளையில் கீறல் விழும்.

படி 2: சிறிதளவு அசிட்டோன்

வெந்நீருக்கு அசையாத பூச்சுக்கு அசிட்டோன் பயன்படும். நகச்சாயம் அகற்றும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இதுதான். பழைய லாக்கர் பூச்சுகளை அது விரைவாகக் கரைக்கும். ஆனால் மிக எளிதில் தீப்பற்றும். கடுங்குளிரிலும்கூட அதிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி எழும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, சற்றுத் தள்ளியிருக்கும் நெருப்பையும் எட்டும்.

தொடங்குவதற்கு முன்:

• பூசை விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி, அடுப்பு, சிகரெட் அனைத்தும் அணைந்திருக்கவேண்டும். பூசையறை, சமையலறை, குளியலறை ஆகிய இடங்களில் இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

• எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவையுங்கள். குளிர்சாதனம் மட்டும் போதாது. அது அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றும்.

• வெந்நீரில் போட்ட பொருள் முழுவதும் ஆறி, உலர்ந்திருக்கவேண்டும். அசிட்டோனைச் சூடாக்கவே கூடாது.

• தடித்த ரப்பர் கையுறை அணியுங்கள். மருந்தகங்களில் பயன்படுத்தும் மெல்லிய கையுறையை அசிட்டோன் விரைவில் ஊடுருவிவிடும். தடித்த கையுறையும் நனைந்துவிட்டால் மாற்றுங்கள்.

• கண்களைக் காக்கப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். உங்கள் மூக்குக்கண்ணாடி, செவித்துணைக் கருவி, கைத்தொலைபேசி ஆகியவற்றில் திரவம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல வகைப் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். அறுவைச் சிகிச்சை முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது.

செய்முறை எளிது. 2 மேசைக்கரண்டி அளவு மட்டும் ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் ஊற்றிக்கொண்டு, புட்டியை இறுக மூடி அப்பால் வையுங்கள். பருத்தித் துணியை நனைத்துப் பொருளைச் சுற்றி, அதன்மேல் அலுமினியத் தாளால் மூடுங்கள். இப்படிச் செய்தால் குறைந்த அளவு போதும். அறைக்குள் ஆவியும் குறைவாகவே பரவும். 5 நிமிடம் கழித்துத் துடையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து வேறிடம் சென்று ஓய்வெடுங்கள்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்

இரண்டு முறை முயன்றும் பூச்சு இளகவில்லை என்றால், அது சூளையில் சுட்டுக் கெட்டியாக்கப்பட்ட எப்பாக்சி போன்ற பூச்சாக இருக்கக்கூடும். அதைவிடக் கடுமையான திரவத்தைத் தேடிப் போகாதீர்கள். பித்தளை மெருகூட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். அல்லது அது அப்படியே இருக்கட்டும். ஒரு கைப்பிடியின் பளபளப்பு உங்கள் உடல்நலத்துக்கு ஈடாகாது.

இவற்றைத் தவிர்க்கவும்

• மெத்திலீன் குளோரைடு கலந்த சாயநீக்கி. இதன் இன்னொரு பெயர் டைகுளோரோமீத்தேன். உடலுக்குள் சென்றதும் இதன் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. இதய நோயாளிகளுக்கு இது பெரும் ஆபத்து. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, குளியல்தொட்டிகளின் பழைய பூச்சை இதைக் கொண்டு அகற்றிய 13 பணியாளர்கள் மாண்டனர். 2019இல் அந்நாடு, இது கலந்த சாயநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடைசெய்தது. புட்டியின் சிட்டையைப் படிக்கச் சிரமமாக இருந்தால், இந்த இரு பெயர்களில் ஒன்று அதில் இருக்கிறதா என்று பிள்ளைகளிடமோ கடைக்காரரிடமோ கேளுங்கள்.

• தின்னர். இவற்றில் பலவற்றில் டொலுவீன் கலந்திருக்கும். அது மயக்கம் தரும். தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும்.

• மண்ணெண்ணெய், டர்பன்டைன். கெட்டியான லாக்கரை இவை கரைப்பதில்லை. ஆவியைச் சுவாசித்ததுதான் மிச்சம்.

• காஸ்டிக் சோடா. தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்கும்.

• பிளீச். இதை எதனுடனும் கலக்காதீர்கள். புளி, எலுமிச்சை, வினிகர் ஆகியவற்றோடு சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளியாகும்.

வேலை முடிந்த பிறகு

நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் குழாயில் போடாதீர்கள்; தீப்பற்றலாம். காற்றோட்டமான இடத்தில், நெருப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாதவாறு விரித்துக் காயவைத்த பிறகே வீசுங்கள். எஞ்சிய திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதும் கூடாது. யாராவது தண்ணீர் என்று எண்ணிக் குடித்துவிடக்கூடும்.

பொருளைச் சவர்க்காரமிட்டுக் கழுவித் துடையுங்கள். இனிப் புளி வேலை செய்யும். விளக்காக இருந்தால், மறுநாள்வரை காத்திருந்து ஏற்றுங்கள். மீண்டும் லாக்கர் பூசத் தேவையில்லை. அவ்வப்போது புளியால் துலக்கினால் போதும்.

வேலையை இல்லப் பணிப்பெண்ணிடம் ஒப்படைப்பதாக இருந்தால், இந்த முன்னெச்சரிக்கைகள் அனைத்தையும் அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள். ஆபத்து அவருக்கும் ஒன்றுதான்.

ஏதேனும் நேர்ந்தால்

• தலைசுற்றல், தலைவலி, குமட்டல்: வேலையை உடனே நிறுத்தி, நல்ல காற்றுள்ள இடத்துக்குச் செல்லுங்கள். குறையாவிட்டால் மருத்துவரை நாடுங்கள்.

• கண்ணில் பட்டால்: ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் செல்லுங்கள்.

• விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். புட்டியைக் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

• மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மயக்கம், தீ: உடனே 995ஐ அழையுங்கள்.

சரியா, தவறா?

1. வாசம் தெரியாவிட்டால் ஆபத்தில்லை. — தவறு. மோப்ப உணர்வை மட்டும் நம்பாதீர்கள்.
2. முதலில் வெந்நீரில் முயலவேண்டும். — சரி.
3. பூசையறையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது கூடத்தில் அசிட்டோன் பயன்படுத்தலாம். — தவறு. ஆவி தரையோடு பரவி நெருப்பை எட்டும்.
4. அசிட்டோனுக்கும் இளகாவிட்டால் நிறுத்திக்கொள்ளவேண்டும். — சரி.